புல்லும் ஆயுதமும்

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது நம்மவர் நாவில் அடிக்கடி வழங்கும் பழமொழி. கையில் ஒன்றும் இல்லாத நிலையிலும் கலங்காது, கிடைத்ததைக் கொண்டு காரியத்தை முடிப்பவனை அது போற்றுகின்றது. பள்ளியின் சபைகூடலில் இப்பழமொழியை நான் எத்தனை முறை எடுத்தாண்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, இப்பழமொழியை யார் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம், எதுவரை சொல்லலாம் என்று என்னை எண்ண வைத்தது. அவ்வெண்ணங்களை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மரத்தக்கை

அது ஒரு சனிக்கிழமை மாலை. திங்கட்கிழமை மாணவர்களுக்குத் தேர்வு தொடங்க இருந்தது. பள்ளியின் பின்புறம், பிள்ளைகள் கைகழுவும் இடத்தில் சுவரில் பொருத்தியிருந்த பிளாஸ்டிக் குழாய்முனை முறிந்துபோயிற்று. முறிந்த தலை கையோடு வந்துவிட்டது. மரையுள்ள அடிப்பகுதியோ சுவருக்குள் இருந்த இணைப்பிலேயே இறுகிக்கொண்டது. மேல்தொட்டியின் வால்வை அடைத்தால்தான் நீர் நிற்கும். அதை அடைத்தாலோ கழிவறைகளுக்கும் நீர் இல்லை. பட்டணத்துக் கடைகள் அடைக்கப்பட்டுவிட்டன. தொலைபேசியில் அழைத்த குழாய்க்காரர், செவ்வாய்க்கிழமைக்கு முன் வர இயலாது என்று கைவிரித்துவிட்டார்.

அப்பொழுது எங்களுக்குக் கைகொடுத்தவர் பள்ளிக்கு அருகில் வாழ்ந்த ஒரு முதியவர். தம் இளமை முழுவதையும் ரப்பர்த் தோட்டத்து ஆலையில் ஃபிட்டராகக் கழித்தவர். சுவருக்குள் விரலைவிட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வீட்டிற்குச் சென்று, பழைய பல்துலக்கி ஒன்றோடு திரும்பி வந்தார். அதன் பிடியை மெழுகுவத்திச் சுடரில் இளகும்வரை காட்டி, முறிந்த துண்டின் துளைக்குள் அழுத்தி, அசையாமல் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டிக் ஆறி, உள்ளே பற்றிக்கொண்டது. பின்பு பிடியை இடப்புறமாக மெல்லத் திருக, முறிந்த மரைத்துண்டு பல்லைப் பிடுங்கியதுபோல் முழுமையாக வெளியே வந்தது. சூழ நின்ற பிள்ளைகள் கைதட்டினர். நானும் தட்டினேன்.

ஆனால், பொருத்துவதற்குப் புதிய குழாய்முனை இல்லை. முதியவர் மரக்கட்டை ஒன்றைச் சீவிக் கூம்பாக்கி, பழைய மிதிவண்டியின் உள்டியூப் ரப்பரை அதன்மேல் சுற்றி, துளைக்குள் அடித்து இறுக்கினார். வால்வைத் திறந்தோம். ஒரு சொட்டும் கசியவில்லை. "ரெண்டு நாளைக்கு இது தாங்கும் ஐயா. அதுக்குள்ள புதுசு வாங்கிப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, தேநீர் மட்டும் அருந்திச் சென்றார்.

அந்தத் திங்கட்கிழமைச் சபைகூடலில் நான் பேசிய பேச்சு இன்னும் என் நினைவில் உள்ளது. பல்துலக்கியைக் கையில் உயர்த்திப் பிடித்து, "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்றேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், ஒரு வெள்ளிகூடச் செலவின்றிப் பழுது நீக்கப்பட்டதைப் பெருமையோடு அறிவித்தேன். புதிய குழாய்முனை வாங்குவதை மட்டும் மறந்தேன். மறந்தேன் என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. நாள்தோறும் அத்தக்கையைப் பார்த்தேன். கசியவில்லை என்று கண்டு கடந்து சென்றேன்.

ஏழு வாரங்கள் கழிந்தன. இடையில் ஒரு வார விடுமுறை வந்தது. மேல்தொட்டியைக் கழுவுவதற்காக நீரை வடித்திருந்தோம். அதனை அடுத்து அவ்வட்டாரத்தில் நீர்த்தடையும் ஏற்பட்டதால் தொட்டி ஐந்தாறு நாள் வறண்டு கிடந்தது. நனைந்த மரம் ஊதி இறுகும். உலர்ந்த மரம் சுருங்கித் தளரும். ஞாயிறு இரவு நீர் திரும்பி வந்தபோது, சுருங்கியிருந்த தக்கையை அது வெளியே தள்ளிவிட்டது. இரவெல்லாம் ஓடிய நீர், பக்கத்துப் பண்டக அறையில் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த பாடநூல்களை நனைத்தது. காலையில் முதலில் வந்த சிறுமி ஒருத்தி, ஈரச் சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பில் கீறல். எழுத்தைக் கூட்டிப் பழகவேண்டிய அந்த முதலாம் ஆண்டுப் பிள்ளை, சில வாரங்கள் இடக்கையால் கோடு கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்பதற்காக நான் அவள் வீட்டிற்குச் சென்றேன். அவள் தாய் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பரவாயில்லைங்க ஐயா. நம்ம பள்ளிக்கூடத்துல காசு இல்லாதது எங்களுக்குத் தெரியாதா?" என்றார். கடிந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் குழாய்முனையின் விலை பத்து வெள்ளி அளவுதான். அந்தப் பணம் பள்ளியில் இருந்தது.

முதியவரிடம் நடந்ததைச் சொன்னபோது, அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் ரெண்டு நாள்னு சொன்னேன். அது ஏழு வாரம் நின்னுச்சு. தக்கைமேல என்னங்க ஐயா குத்தம்?" என்றார்.

வல்லவன் யார்?

அம்முதியவரின் கைவேலையை அதன்பின் நான் கூர்ந்து கவனிக்கலானேன். கைகழுவும் தொட்டியின் அடியில், கையும் ஸ்பானரும் நுழையாத இடுக்கில் உள்ள நட்டைத் திருக, அவர் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயை எடுத்து, அதன் வாயில் நட்டின் காதுகளுக்கேற்ற வெட்டுகளை அறுத்து, கீழிருந்து செலுத்தித் திருகுவார். இரும்பறுக்கும் வாளின் சட்டம் நுழையாத இடத்தில், அலகை மட்டும் கழற்றி, ஒரு முனையில் ரப்பர் நாடாவைச் சுற்றிப் பிடியாக்கி அறுப்பார். துருவேறிய இணைப்பைக் கழற்றும்போது, ஸ்பானரின் பிடியில் ஒரு நீண்ட குழாயைச் செருகிக்கொள்வார். பிடியின் நீளம் இரட்டித்தால், அதே கைவலிமைக்குத் திருகும் விசையும் இரட்டிக்கும் என்னும் நெம்புகோல் விதியை அவர் ஏட்டில் படித்தவர் அல்லர். ஆயினும், அவ்விசை எந்த அளவைத் தாண்டினால் சுவருக்குள் இருக்கும் குழாயே முறிந்துவிடும் என்பதை அவர் கை அறிந்திருந்தது.

மரத்தக்கையையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடவில்லை. நீர்மட்டம் 10 மீட்டர் உயர்ந்தால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் கூடும். எங்கள் மேல்தொட்டி ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில் இருந்தது. ஆகவே அழுத்தம் அதில் பாதி. "இதே, மெயின் குழாயா இருந்தா நான் தக்கை அடிச்சிருக்க மாட்டேன்" என்றார். எங்கே செய்யலாம் என்பதை அறிந்தது மட்டுமன்று, எங்கே செய்யக்கூடாது என்பதையும் அறிந்திருந்ததே அவர் வல்லமை.

பழமொழியில் நாம் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். புல் எல்லார்க்கும் ஆயுதம் ஆவதில்லை, வல்லவனுக்கே ஆகின்றது. அந்த வல்லமை எங்கிருந்து வந்தது? முப்பது ஆண்டுக்கும் மேலாக, முறையான கருவிகள் நிறைந்த ஒரு பட்டறையில், மரை எப்படி வெட்டப்படுகின்றது, உலோகம் எப்போது நெகிழும், எப்போது முறியும் என்று பழகிய பழக்கத்திலிருந்து வந்தது. ஆயுதத்தோடு பழகியவன் கையில்தான் புல் ஆயுதமாகும். வள்ளுவரும் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், ஒரு செயலைத் தொடங்குமுன் ஐயமற ஆராய வேண்டிய ஐந்தனுள் கருவியை ஒன்றாக வைத்தார். கருவி இல்லாமலே வெல்லலாம் என்று அவர் சொல்லவில்லை.

ஆகவே, ஏழைப் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடமும் நூலகமும் பட்டறையும் தராமல், 'இல்லாமையே அவர்களைக் கூர்மையாக்கும்' என்று கூறுவது தன்னோடு தானே முரண்படும் கூற்று. இல்லாமை சிலரைக் கூர்மையாக்கியிருக்கலாம். அது மழுங்கச் செய்த பலரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் நம் மேடைகளுக்கு வருவதில்லை.

இரண்டு நிகழ்ச்சிகள்

ஒட்டுவேலை நன்றா, தீதா என்னும் வினாவிற்கு, அண்மைக் கால வரலாற்றில் நான்கே ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் விடை பகர்கின்றன.

1970-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நிலவை நோக்கிச் சென்ற அப்பல்லோ 13 விண்கலத்தில் உயிர்வளித் தொட்டி வெடித்தது. மூன்று வீரர்களும், இருவர்க்கென அமைக்கப்பட்ட நிலவு ஊர்தியில் தஞ்சம் புகுந்தனர். அவர்கள் விட்ட மூச்சின் கரியமிலவளி அங்கே பெருகியது. அதனை உறிஞ்சும் பெட்டிகள் தாய்க்கலத்தில் இருந்தன. ஆனால் அவை சதுரம், ஊர்தியின் வாயோ வட்டம். தரையிலிருந்த பொறியாளர்கள், கலத்தில் என்னென்ன இருக்கும் என்று பட்டியலிட்டு, பிளாஸ்டிக் பை, கையேட்டின் அட்டை, உடையின் காற்றுக்குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டு ஓர் இணைப்பை உருவாக்கினர். அதனை முதலில் தரையில் சோதித்தனர். பின்பே ஒவ்வொரு படியாக வானொலியில் படித்துக் காட்டினர். மூவரும் உயிரோடு திரும்பினர்.

1974-ஆம் ஆண்டு மார்ச் மாதம், இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்னும் ஊரில் இருந்த இரசாயன ஆலையில், வரிசையாக நின்ற ஆறு வினைக்கலன்களுள் ஐந்தாவதில் விரிசல் காணப்பட்டது. அதனை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குல விட்டமுள்ள ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தனர். கலங்களின் வாய் 28 அங்குலம். அக்குழாய்க்கு வரையப்பட்ட படம், பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் இட்ட கோடே. அழுத்தத்தில் அது எப்படி நெளியும் என்று முறையாகக் கணக்கிடப்படவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் அது தாங்கியது. ஜூன் 1-ஆம் நாள் அது முறிந்து, வெளியேறிய ஆவி தீப்பற்றி வெடித்தது. 28 பேர் மாண்டனர்.

இரண்டும் ஒட்டுவேலைகளே. இரண்டிலும் கிடைத்ததைக் கொண்டு வேறு பயனுக்கு இணைப்புச் செய்தனர். ஆனால், முதலாவதில் வேறு வழி இல்லை. இரண்டாவதில் உற்பத்தியை நிறுத்தி வைத்தல் என்னும் வழி இருந்தது. முதலாவதில் பலர் சேர்ந்து சோதித்தனர். இரண்டாவதில் ஆராய வேண்டிய கண்கள் ஆராயவில்லை. முதலாவதன் தேவை, வீரர்கள் பூமிக்குத் திரும்பியவுடன் முடிந்தது. இரண்டாவதோ, இயங்குகின்றது என்ற ஒரே காரணத்தால் இயங்கவிடப்பட்டது. "ஆபத்துக்குப் பாவமில்லை" என்பர். உண்மை. ஆனால் ஆபத்து நீங்கிய மறுகணமே, பாவத்தின் கணக்கு மீண்டும் தொடங்கிவிடுகின்றது.

கரைந்துபோகும் கருவி

ஒட்டுவேலையை அறத்தின் துலாக்கோலில் நிறுப்பதற்கு மூன்று வினாக்கள் போதும் என்று எனக்குத் தோன்றுகின்றது.

முதலாவது, அது தவறினால் துன்புறுவோர் யார்? செய்தவனே துன்புறுவானாயின், அது துணிவு. அறியாத பிறர் துன்புறுவராயின், அது அவர்களைக் கேளாமலே அவர்கள் பெயரில் வாங்கிய கடன். முற்காலத்தில் குழாய் மரைகளில் கசிவைத் தடுக்கச் சணல் நாரைச் சுற்றி, ஈயம் கலந்த பசையைப் பூசுவது வழக்கம். வேலை செவ்வையாக நடந்தது. ஆயினும் ஈயம் நஞ்சு. அதன் தீங்கைச் சுமக்கக்கூடியவர் அந்நீரைப் பருகுவோரும், அப்பசையை நாள்தோறும் கையாண்ட தொழிலாளருமே. 1938-ஆம் ஆண்டு ராய் பிளங்கெட் என்பவர் தற்செயலாகக் கண்டறிந்த டெஃப்லான் என்னும் பொருளால் ஆகிய வெண்ணிற நாடா, இன்று அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது, செய்தது ஒட்டுவேலை என்பதைப் பயன்படுத்துவோர் அறிவரோ? முதியவர் என்னிடம் மறைக்கவில்லை. நான்தான் அதனைப் பழுது நீங்கியதாக அறிவித்தேன்.

மூன்றாவது, அதற்குத் தவணை உண்டோ? இவ்வினாவிற்கு விடையாக, முதியவர் கற்றுத் தந்த ஒரு நுட்பத்தையே கூறுவேன். செப்புக் குழாயை ஈயப்பற்று வைத்து இணைக்கும்போது, உள்ளே ஒரு சிறு நீரிழை கசிந்துகொண்டிருந்தாலும் போதும். அது ஆவியாகி வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும், பற்று ஓடாது. அனுபவசாலிகள், ரொட்டியின் வெள்ளைப் பகுதியைப் பிசைந்து உருட்டிக் குழாய்க்குள் திணித்துவிடுவர். அது நீரைச் சிறிது நேரம் உறிஞ்சி நிறுத்தும். அந்த இடைவெளியில் பற்று வைத்து முடிப்பர். பிறகு நீரைத் திறந்தால், ரொட்டி கரைந்து வெளியேறிவிடும். குழாய்முனையின் வலையை முன்னதாகவே கழற்றி வைத்தால் போதும், துகள் அடைக்காது.

ஒட்டுவேலைகளில் உயர்ந்தது எது என்று என்னைக் கேட்டால், இந்த ரொட்டித் துண்டே என்பேன். நிலையான வேலை நடப்பதற்கு அது இடம் தருகின்றது. அவ்வேலை முடிந்ததும் தான் மறைகின்றது. மரத்தக்கையோ நிலையான வேலை நடக்கவேண்டிய இடத்தைத் தானே அடைத்துக்கொள்கின்றது. நன்றாக அடைப்பதால், ஆளை உறங்கவும் வைக்கின்றது. செம்மையாகச் செய்த ஒட்டுவேலையின் ஆபத்து இதுவே: அது கசிவதில்லை, ஆதலால் அது நினைவூட்டுவதில்லை.

பழமொழி யாருடையது?

மலாய் நாட்டுத் தமிழர் வரலாற்றில் இத்தகைய தக்கைகள் பல. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்று விதித்தது. பள்ளிகள் எழுந்தன. ஆனால், பல இடங்களில் கொட்டகையும் பிள்ளைக் காப்பகத்தின் ஒரு மூலையுமே பள்ளியாயின. கங்காணியும் கிராணியுமே ஆசிரியராயினர். இல்லாததற்கு அது மேல் என்று நம் முன்னோர் பிள்ளைகளை அனுப்பினர். அவர்கள் செய்தது வல்லமை. எழுத்தறியாத பெற்றோர், அந்தக் கொட்டகையிலிருந்தே ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் எழுப்பிக் காட்டினர். ஆனால், இரண்டு நாளைக்கென அடித்த தக்கையை இரண்டு தலைமுறைக்கு விட்டு வைத்தவர்களின் செயலுக்கு அப்பெயர் பொருந்தாது. ஒரே கொட்டகை, அதில் அமர்ந்து படித்தவனுக்கு அது பெருமை, அதைக் கட்டிக் கொடுத்து அமைந்துவிட்டவனுக்கு அது இழுக்கு.

இங்கேதான் பழமொழியின் உரிமை யாருக்கு என்னும் வினா எழுகின்றது. "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது புல்லை எடுத்தவன் சொல்லத்தக்க சொல். ஆயுதத்தைப் பூட்டி வைத்திருப்பவன் சொன்னால், அதே சொல் கொடுமையாகிவிடும். ஆயுதம் தரவேண்டிய இடத்தில் இருந்துகொண்டு, புல்லால் வென்றவனுக்கு மாலையிடுவது, கொடுக்க வேண்டியதைக் கொடாமல் தப்பும் வழியாகவும் ஆகலாம். அன்று சபைகூடலில் பல்துலக்கியை உயர்த்திப் பிடித்த நான், என்னை அறியாமல் அவ்விடத்தில் நின்றேன். அந்தத் தாய் வறுமையின்மேல் பழியைப் போட்டு என்னை விடுவித்தபோதுதான் எனக்கு அது விளங்கியது. பழகிப்போன இல்லாமை, பொறுப்பில் இருப்பவனின் சோம்பலுக்கும் போர்வையாகிவிடுகின்றது.

அவ்வாறாயின் பிள்ளைகளுக்கு ஒட்டுவேலையைக் கற்பிக்க வேண்டாவோ என்று வாசகர் வினவலாம். கற்பிக்கவே வேண்டும். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில், தீப்பெட்டியாலும் புட்டி மூடியாலும் பயிற்றுத் துணைப்பொருள்கள் செய்து பழகினோம். அப்பழக்கம் இன்றளவும் எனக்குக் கைகொடுக்கின்றது. கைக்கு எட்டியதில் தீர்வைக் காணும் பிள்ளை, கடையில் விற்காதது உலகில் இல்லை என்று எண்ணும் பிள்ளையைவிடச் சுதந்திரமானது. ஆனால், அதே பிள்ளைக்கு மற்றொன்றையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்: இது எதற்கு மாற்றாக நிற்கின்றது, அந்த உரிய பொருள் எப்போது வரும், அதைக் கொண்டுவர வேண்டியவர் யார்? இம்மூன்றையும் கேட்கத் தெரியாத கைத்திறன், பிறருடைய கடமையைத் தன் தலையில் சுமக்கும் பணிவாக முடிந்துவிடும்.

இப்பொழுது எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கம்பியால் கட்டிய கதவாயினும், ரப்பர் சுற்றிய குழாயாயினும், எந்த ஒட்டுவேலைமீதும் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுகின்றோம். அதில் செய்த நாள், தாங்கும் நாள், மாற்றவேண்டியவர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதுகின்றோம். மாற்றவேண்டியவர் என்ற இடத்தில் பெரும்பாலும் என் பெயரே இருக்கின்றது. காலையில் பள்ளியைச் சுற்றி வரும்போது, அவ்வட்டைகளைப் படிக்கின்றேன்.

அந்தத் தக்கையை நான் எறியவில்லை. உள்டியூப் ரப்பர் இற்றுப்போய், மரம் கறுத்து, என் மேசைமேல் இருக்கின்றது. பள்ளிக்கு வரும் விருந்தினர் சிலர் அதனை எடுத்துப் பார்த்து, எவ்வளவு திறமையான வேலை என்று வியப்பதுண்டு. ஆம், திறமையான வேலைதான் என்று நானும் சொல்கின்றேன். பிறகு அந்தச் சிறுமியின் கதையையும் சொல்கின்றேன்.